சுவிட்சர்லாந்தின் பெஞ்சுகள்

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் சாலையில் அந்தப் பள்ளி இருக்கிறது. பெயரைச் சொல்லிப் பயனில்லை. நான் இதை எழுதி முடிப்பதற்குள் மாற்றிவிடுவார்கள். முதலில் அது ஒரு சாமியின் பெயரில் இருந்தது. பிறகு சாமிக்குப் பின்னால் 'இன்டர்நேஷனல்' வந்து ஒட்டிக்கொண்டது. போன வருடம் சாமியைக் கழற்றிவிட்டு இன்டர்நேஷனலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

தாளாளர் ஜெயமணி கல்வியாளர் அல்ல. அப்படி யாரும் அவரைத் தவறாக நினைத்ததும் இல்லை. ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் கம்பெனியை யோக்கியமாக்கிக் காட்டுவது அவருடைய வேலை. தரையில் மஞ்சள் கோடு போடுவார். சுவரில் பலகை மாட்டுவார். தேறாத உருப்படிகளுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டி லாரியில் ஏற்றி, வந்தவர்கள் திரும்பிப் போகும்வரை ஊரைச் சுற்றி வரச் சொல்வார். அந்த லாரியை ஓட்டியவர் முனிவேல். இந்தக் கதையில் ஒன்றும் புரியாமல் முழிக்கப்போகிறவரும் அவர்தான்.

டென்மார்க்கில் 'உலகப் பரிமாண மன்றம்' என்று ஓர் அமைப்பு இருக்கிறதாம். உயர்நிலைப் பள்ளி வாழ்க்கைக்கு உலகப் பரிமாணம் சேர்த்த பள்ளிகளை நேரில் வந்து பார்த்து விருது தருமாம். இதைக் கேள்விப்பட்ட ஜெயமணி ஆசிரியர்களைக் கூட்டினார்.

"பரிமாணம்னா என்னாங்க சார்?" என்று கணக்கு டீச்சர் நஞ்சம்மா கேட்டார். பாவம், அவருக்குப் பாடத்தில் அந்த வார்த்தை வருகிறது.

"நீளம், அகலம், உயரம் மூணு இருக்குதுல்ல டீச்சர்? நாலாவது ஃபாரின். நம்மகிட்ட அது மட்டும்தான் இல்ல. மிச்ச மூணும் இருக்குது" என்றார் ஜெயமணி.

நாலாவதைச் சேர்க்கும் வேலை மறுநாளே தொடங்கியது. வராந்தாவில் மஞ்சள் கோடு போட்டார்கள். பிள்ளைகள் கோட்டுக்குள் நடக்க வேண்டும். தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ உருதுவிலோ வாயைத் திறந்தவர்கள் கோட்டின் மேல் நிற்க வேண்டும். நுழைவாயில் சுவரில் ஆறு கடிகாரங்கள் மாட்டினார்கள்: லண்டன், டோக்கியோ, நியூயார்க் என்று ஆறு ஊர்களின் நேரம். இந்திய நேரம் எதிலும் இல்லாததால் மணியடிக்கும் ஆயா வெயிலைப் பார்த்து மணியடித்தாள். வகுப்புகளுக்கு நாடுகளின் பெயர் வைத்தார்கள். எட்டு பி பிரேசில் ஆனது. மின்விசிறி ஓடாத பத்து ஏ, சுவிட்சர்லாந்து ஆனது. "சுவிட்சர்லாந்து, சத்தம் போடாதே!" என்ற அதட்டல் தளி ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்டது.

மாணவிகளின் கழிவறைக்கு மட்டும் எந்த நாட்டின் பெயரையும் வைக்க முடியவில்லை. அது இருந்த நிலையில் எந்த நாட்டின் பெயரை வைத்தாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். சுத்தம் செய்திருக்கலாம், அது யாருக்கும் தோன்றவில்லை. பூட்டி, மேலே ஓர் உலக வரைபடத்தை ஒட்டிவிட்டார்கள்.

நாலைந்து பெண்கள் தயங்கித் தயங்கித் தாளாளரிடம் போய்த் திறந்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். அவர் அவர்களுக்கு ஓர் உரையே நிகழ்த்தினார்.

"குளோபல் சிட்டிசனுக்கு மொத லட்சணம் என்னா? செல்ஃப் கன்ட்ரோல். ஏரோப்ளேன்ல போறவங்க எத்தினி நேரம் உட்கார்ந்துக்கினு போறாங்க? அடக்கிக்கோங்கம்மா. பழகிடும்."

ஏரோப்ளேனில் கழிவறை உண்டு என்பதை அவரிடம் சொல்ல ஆள் இல்லை. பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். காலையில் நிரப்பிக் கொண்டுவந்த பாட்டில்கள் அப்படியே வீடு திரும்பின. பிரேசிலில் ஒரு பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர், "ஸ்கூல்ல தண்ணி குடிக்கறதில்லையா?" என்று கேட்டாராம். சேதி கிடைத்ததும் பள்ளி உடனே நடவடிக்கை எடுத்தது. 'தண்ணீரே உயிர்' என்று ஐந்து மொழிகளில் எழுதி வராந்தாவில் ஒட்டியது. இதை நான் இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

முனிவேலின் மகள் ஹரிணி சுவிட்சர்லாந்தில், அதாவது பத்து ஏ-யில் படித்தாள். அது பொதுத்தேர்வு வருடம். நல்ல ஆங்கிலம் பேசுவாள் என்று வரவேற்புரைக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டில் அவள் அம்மா நாராயணம்மா குழம்பு தாளிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த உரையைக் கேட்டுக் கேட்டு, அர்த்தம் தெரியாமலே பாதி ஒப்பிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். முனிவேல் இப்போது கம்பெனி ஆட்களை ஏற்றும் பஸ் ஓட்டுகிறார்; ஷிப்டுகளுக்கு நடுவில் வண்டி சும்மாதான் நிற்கும். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம், "எம் பொண்ணு வெளிநாட்டுக்காரங்க முன்னாடி பேசப்போகுது" என்று சொல்லாத நாளில்லை.

விருந்தினர் வருவதற்கு முன் ஒத்திகை ஆடிட் நடந்தது. ஜெயமணியே டென்மார்க்காரராக நடித்தார். கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டார். அவர் அறிந்த டென்மார்க் அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பதில்கள் தயாராக இருந்தன. வெளிநாட்டில் உனக்கு நண்பர் உண்டா என்று கேட்டால், "உண்டு, அவள் பெயர் எம்மா, அவளுக்கு மழை பிடிக்கும்" என்று சொல்ல வேண்டும். பள்ளி முழுவதற்கும் ஒரே எம்மாதான். பெயரை மறந்த சிலரைத் தவிர எல்லாரும் எம்மாவைச் சொன்னார்கள். கடைசியாக ஹரிணியிடம் வந்தார்.

"டென்மார்க் பிள்ளைகளிடம் நீ என்ன கேட்க விரும்புகிறாய்?"

ஹரிணி யோசித்தாள். சொல்லிக்கொடுத்த பதில், 'உங்கள் பண்பாட்டை அறிய விரும்புகிறேன்'. அவள் வாயில் வந்தது வேறு.

"உங்கள் பள்ளியில் பாத்ரூம் திறந்திருக்குமா?"

ஜெயமணி மஃப்ளரைக் கழற்றினார். கம்பெனியில் கற்ற வித்தை கைகொடுத்தது. தேறிய பிள்ளைகள் கழுத்தில் பச்சைச் சீட்டு, தேறாதவர்களுக்குச் சிவப்பு. ஆங்கிலம் திக்குகிறவர்கள், எம்மாவின் பெயரை மறந்தவர்கள், செருப்புப் போட்டு வருகிறவர்கள் என்று ஒரு பஸ் நிறையச் சிவப்பு சேர்ந்தது. எல்லாம் பத்து ஏ, சுவிட்சர்லாந்தே காலி.

விருந்தினர் வரும் நாளன்று காலையில் முனிவேலுக்குப் போன் வந்தது.

"முனிவேலு, பழைய வேலைதான். பஸ்ஸை எடுத்துக்கினு பின் கேட்டுக்கு வா. அத்திப்பள்ளி, ஆனேக்கல், தளின்னு சுத்திக்கினே இரு. நான் போன் பண்ணாத் திரும்பி வா."

"மெட்டீரியல் என்னாங்க சார்?"

"எல்லாம் ரிஜக்ஷன்தான். கொஞ்சம் பேசும். கண்டுக்காத."

முனிவேல் பின் கேட்டில் பஸ்ஸை நிறுத்தினார். சிவப்புச் சீட்டுக் கட்டிய பிள்ளைகள் வரிசையாக ஏறினார்கள். பாத்திரக்கடை தஸ்தகீர் மகன் அயான் ஏறினான், சிரித்தான். பிக்னிக் போகிறார்கள் போலிருக்கிறது என்று முனிவேல் நினைத்துக்கொண்டார். கடைசியாக, வரவேற்புரைக்காகத் தலையில் புது ரிப்பன் கட்டிய ஒரு பெண் தலையைக் குனிந்தபடி ஏறினாள்.

"பாப்பா, நீ என்னாத்துக்கு இதுல ஏர்ற? நீ பேசோணுமில்ல?"

ஹரிணி சீட்டைத் திருப்பிக் காட்டினாள். 'ரிஜக்ஷன்' என்று அச்சடித்திருந்தது. முனிவேலுக்கு அந்த ஒரு ஆங்கில வார்த்தையை நன்றாகப் படிக்கத் தெரியும். வருடக்கணக்காக லாரியில் ஏற்றியிருக்கிறார்.

"வண்டிய எடுப்பா. லேட்டானாத் திட்டுவாங்கோ" என்றாள் அவள்.

அவர் எடுத்தார். எடுக்காமல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தவனில்லை.

அத்திப்பள்ளியைத் தாண்டியதும் பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. ஹரிணி முன்னால் வந்து, "அப்பா, எங்கியாச்சும் நிறுத்துப்பா. பொண்ணுங்கெல்லாம் அவசரமா இருக்குதுங்க" என்றாள். கர்நாடகப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் முனிவேல் நிறுத்தினார். ஹரிணி இறங்கி, பங்க் ஆளிடம் கன்னடத்தில் கேட்டாள். திறந்துதான் இருக்கிறது, போங்கள் என்று அவன் கையைக் காட்டினான். பெண்கள் ஓடிப்போய் வரிசை கட்டினார்கள். ஒரு திறந்த கதவுக்காக அவர்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தை முனிவேல் ஸ்டியரிங்கில் இருந்தபடி பார்த்தார்.

அதே வரிசையில் உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மாளும் நின்றார். பெயர் இங்கிரிட், உலகப் பரிமாண மன்றத்தின் மதிப்பீட்டாளர். பெங்களூரிலிருந்து காரில் வருகிறவருக்கும் வழியில் அதே தேவைதான். கூடவே மன்றத்தின் இந்திய ஒருங்கிணைப்பாளர் பிரியா.

"இந்தச் சிவப்பு அட்டை எதற்கு?" என்று இங்கிரிட் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நாங்கள் தேறாதவர்கள். விருந்தினர் வருவதால் எங்களைப் பஸ்ஸில் வைத்துச் சுற்றுகிறார்கள்" என்று ஹரிணி நல்ல ஆங்கிலத்தில், இலக்கணப் பிழையின்றிச் சொன்னாள்.

இங்கிரிட் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "எவ்வளவு நேர்மையான சுயமதிப்பீடு! எங்கள் நாட்டுப் பிள்ளைகளிடம்கூட இதைப் பார்த்ததில்லை."

"இது பள்ளியின் நகரும் வகுப்பறைத் திட்டம் மேடம். பிள்ளைகள் எல்லை கடந்து கற்கிறார்கள்" என்றார் பிரியா. இப்படி ஒன்றை யோசிக்க அவருக்கு மூச்சு விடும் நேரம் போதுமாக இருந்தது. இந்தத் திறமைக்குத்தான் சம்பளம்.

இங்கிரிட் காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பிள்ளைகள் அவருக்குக் கடலை மிட்டாய் கொடுத்தார்கள். நாலு மொழியில் கிண்டலடித்துக்கொண்டு வந்தார்கள். பள்ளியின் முன் கேட்டில் பூச்செண்டோடு நின்ற ஜெயமணி, பின் கேட் வழியாக அனுப்பிய ரிஜக்ஷன் முன் கேட் வழியாக, அதுவும் வாடிக்கையாளரையே ஏற்றிக்கொண்டு திரும்பி வருவதைப் பார்த்தார். ஒரு கணம் கண் இருட்டியது. பிரியா இறங்கி அவர் காதில் இரண்டு வார்த்தை சொன்னதும் வெளிச்சம் வந்துவிட்டது.

"யெஸ் மேடம்! மூவிங் கிளாஸ்ரூம்! சுவத்துக்குள்ள கல்வியை அடைக்கக் கூடாதுங்கறது என் சின்ன வயசுக் கனவு!"

அந்தக் கனவுக்கே விருது என்று மன்றம் அறிவித்தது. விருதை நேரில் தர இங்கிரிட் மறுபடியும் வருவார். அதுவரை திட்டம் தினமும் நடக்க வேண்டும், படங்கள் அனுப்ப வேண்டும். அன்று சாயங்காலம் ஜெயமணி முனிவேலைத் தனியே கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு பங்க்ல நிறுத்தின?"

"பொண்ணுங்களுக்கு அவசரம் சார்."

"ஏதோ அதிர்ஷ்டம், நல்லதா முடிஞ்சுது. இனிமே ஸ்கூல் வர்ற வரைக்கும் வண்டி எங்கியும் நிக்கக் கூடாது. எவன் கேட்டாலும் நிக்கக் கூடாது. நானே கேட்டாலும் நிக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க சார்."

அடுத்த நாளிலிருந்து சிவப்புச் சீட்டுக்காரர்களுக்கு வகுப்பு கிடையாது. சுவிட்சர்லாந்திலிருந்து அவர்களின் பெஞ்சுகளை எடுத்துவிட்டு, அங்கே திட்டத்தின் புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். பெஞ்சு இல்லாவிட்டால் தரையிலாவது உட்கார்கிறேன் என்று ஹரிணி ஒருநாள் உள்ளே போனாள். கண்காட்சியில் அவளுடைய படமே பெரிதாக மாட்டியிருந்தது. அதற்கடியில் உட்கார்ந்தால் காட்சி கெடும் என்று வெளியே அனுப்பினார்கள்.

முனிவேல் துணிந்து ஆபீஸ் ரூமுக்குப் போனார்.

"சார், பரீட்சை வருதுங்க. போர்ஷன் முடிக்கலன்னு பாப்பா ராவெல்லாம் அழுவுது. கணக்குல பாதிகூட நடத்தலையாம்."

"பரீட்சை எழுதறவன் உட்கார்ந்த எடத்தைத் தாண்ட மாட்டான் முனிவேலு. உன் பொண்ணு தினமும் ஸ்டேட்டைத் தாண்டுது. யோசிச்சுப் பாரு."

முனிவேல் யோசித்துப் பார்த்தார். "அப்போ டிசி குடுத்துருங்க சார். தளியில கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்துக்கறேன்."

"பரீட்சைக்குப் பேர் அனுப்பியாச்சு. இப்ப எவன் சேத்துக்குவான்? அதுவுமில்லாம உன் பொண்ணுதான்யா போஸ்டர்ல இருக்குது!"

கம்பெனியில் ரிஜக்ஷனுக்குக்கூட ஒரு முடிவு உண்டு. ஆடிட் முடிந்ததும் உருக்கியாவது விடுவார்கள். இது எங்கே போய் முடியும் என்று முனிவேலுக்குத் தெரியவில்லை. தினமும் அத்திப்பள்ளி, ஆனேக்கல், தளி என்று சுற்றினார். வெளியே முட்டைக்கோஸ் தோட்டமும் ரோஜாத் தோட்டமும் போய்க்கொண்டேயிருந்தன. ஹரிணி ஆடும் பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கோடு கோணிக்கொண்டு போயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்கு ஓடினாள்.

விருது நாள் வந்தது. நகரும் வகுப்பறையைத் தாமே நடத்திக் காட்டுவதாக ஜெயமணி ஏற்பாடு செய்திருந்தார். மாநில எல்லையில் இங்கிரிட்டை வரவேற்று, அவரைத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஆனேக்கல் வழியாகப் பள்ளிக்கு வர வேண்டும். புதுக் கோட்டு போட்டிருந்தார். எல்லையில் காத்திருந்த நேரத்தில் இரண்டு இளநீர் குடித்தார். இங்கிரிட் வந்ததும் உபசாரத்துக்காக அவரோடு சேர்ந்து மூன்றாவதும் குடித்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு.

பஸ் கிளம்பியது. ஜெயமணி மைக்கைப் பிடித்து உலகப் பரிமாணத்தைப் பற்றிப் பேசினார். ஆனேக்கலுக்கு முன்பே பேச்சில் வேகம் கூடியது. ஆனேக்கலில் பேச்சு சட்டென்று நின்றது. மைக்கை வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"முனிவேலு, ஒரு ரெண்டு நிமிஷம் ஓரங்கட்டு."

"நிக்கக் கூடாதுங்களே சார்."

"நான்தான்யா சொல்றேன்!"

"நீங்களே கேட்டாலும் நிக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க." முனிவேல் இதைக் குத்திக்காட்டச் சொன்னாரா, உண்மையாகவே குழம்பித்தான் சொன்னாரா என்று பிறகு பலரும் அவரைக் கேட்டார்கள். அப்போதெல்லாம் அவர் வண்டியைத் துடைக்கப் போய்விடுவார்.

"யோவ், அவசரம்யா!"

பஸ் மேடேறிக்கொண்டிருந்தது. சாலை அங்கங்கே பெயர்ந்திருந்தது. ஜெயமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். நெற்றி வியர்த்தது. பெண்களெல்லாம் அவரையே பார்த்தார்கள். அந்த நிற்பு எதனால் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹரிணி எழுந்து தன் இருக்கையை அவருக்குக் கொடுத்தாள்.

"உட்கார்ந்துக்கோங்க சார். அடக்கிக்கோங்க. பழகிடும்" என்றாள். குரலில் கேலி இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று.

பின்னால் இங்கிரிட், "அவர் ஏன் ஆடுகிறார்?" என்று கேட்டார்.

"பாரம்பரிய வரவேற்பு" என்றார் பிரியா.

தளி வந்தது, போனது. பள்ளியின் கேட்டுக்குள் பஸ் நுழைந்ததும், அது நிற்பதற்குள் ஜெயமணி குதித்தார். நாதஸ்வரம் தொடங்கியது. பச்சைச் சீட்டுப் பிள்ளைகள் பூப்போட்டார்கள். ஆபீஸ் கழிவறை மாடியில் இருந்தது; மாடிவரை தாங்காது. பக்கத்தில் மாணவிகளின் கழிவறைதான். இடுப்பில் தொங்கிய கொத்தில் சாவியைத் தேடினார். உலக வரைபடத்தைக் கிழித்து எறிந்தார். பூட்டைத் திறந்து கதவை இழுத்தார்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. சுவிட்சர்லாந்தின் பெஞ்சுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஆடிட்டில் மறைக்க வேண்டியதையெல்லாம் அங்கே போடச் சொன்னவர் அவரேதான். மேலிருந்த பெஞ்சு சரிந்து அவர் காலடியில் விழுந்தது. அவர் அப்படியே நின்றார். புதுக் கோட்டுக்குக் கீழே பேன்ட் நனைந்து, மஞ்சள் கோட்டின் மேல் வழிந்து ஓடியது. நாதஸ்வரக்காரர் மரியாதை தெரிந்தவர், நிறுத்திவிட்டார்.

"இதற்கு என்ன பொருள்?" என்று இங்கிரிட் கேட்டார்.

பிரியா வாயைத் திறந்தார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஹரிணி ஜெயமணியைச் சுற்றிக்கொண்டு போய், விழுந்து கிடந்த பெஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். காம்பஸ் முனையால் அவள் கீறிய பெயர் அதில் இருந்தது. "அயான், அந்தப் பக்கம் புடி" என்றாள். இருவரும் தூக்கினார்கள். மற்றவர்களும் கழுத்துச் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார்கள். முனிவேல் உள்ளே ஏறி மேலிருந்த பெஞ்சுகளை இறக்கிக் கொடுத்தார். இடம் காலியானதும் ஒரு பெண் குழாயைத் திருகினாள். இருமிவிட்டு, துருவோடு தண்ணீர் வந்தது. அவள் வாளியும் துடைப்பமும் தேடிக்கொண்டு ஓடினாள்.

கண்காட்சிப் படங்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பெஞ்சுகளைப் போட்டார்கள். நஞ்சம்மா டீச்சர் சாக்பீஸோடு உள்ளே வந்தார். வெளியே விருதை யார் கையில் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கதவைச் சாத்தினார்.

"சுவிட்சர்லாந்து, எல்லாரும் உட்காருங்க."

"பத்து ஏ, மிஸ்" என்றாள் ஹரிணி.

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினார்.

"சரி, பத்து ஏ. கணக்குப் புஸ்தகத்தை எடுங்க. எங்க விட்டோம்?"